பாதியில் விட்டால் என்ன நட்டம்?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஆண்டிறுதி விடுமுறை. உயர்நிலை மூன்றை முடித்திருந்த அக்கா மகன் மூன்று நாளாக ஒரு முக்கோணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கணினித் திரையில் எட்டு வரிகள் வரவேண்டும். முதல் வரியில் ஒரு ஹாஷ் குறி, இரண்டாவதில் இரண்டு, எட்டாவதில் எட்டு. வலப்பக்க ஓரம் தூக்குக்குண்டு பிடித்துக் கட்டிய சுவர்போல நேராக நிற்கவேண்டும். இவனுடைய குறிகளோ ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே போய் ஒட்டிக்கொண்டன.

நான் கணினி படித்தவன் இல்லை. உண்டியலைக் கவிழ்த்து, பத்துக் காசு நாணயங்களை மேசையில் அடுக்கிப் பார்க்கச் சொன்னேன். முதல் வரிசையில் ஏழு இடம் காலி, ஒரு காசு. அடுத்ததில் ஆறு இடம் காலி, இரண்டு காசு. மூன்றாவதை அடுக்கும்போதே அவன் கை நின்றுவிட்டது. “மாமா, காலி இடத்தையும் காசையும் கூட்டினால் எல்லா வரியிலும் எட்டுதான் வருகிறது!” என்றான். பத்து நிமிடத்தில் திரையில் சுவர் நிமிர்ந்து நின்றது.

அந்தக் கணக்கைக் கொடுத்தது அவனுடைய பள்ளி அன்று. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கு நடத்தும் சிஎஸ்50 என்ற கணினி அறிவியல் அறிமுகப் பாடம். அதே விரிவுரைகளையும் அதே பயிற்சிகளையும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். ஈசூன் பையனும் படிக்கலாம். தொடக்கத்தில் கட்டங்களை இழுத்துப் பொருத்தும் ஸ்கிராட்ச். அடுத்த வாரமே சி மொழி. அந்த இரண்டாவது வாரத்தில்தான் இந்த முக்கோணம் வருகிறது.

பின்னர் நினைவகம் பற்றிய வாரம் வந்தது. கணினிக்குள் எந்தத் தகவல் எந்த முகவரியில் இருக்கிறது என்று துரத்தும் வேலை. அங்கே நின்றவன் நின்றவன்தான். பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதே மடிக்கணினியை மூடிவிட்டான். அக்காவுக்குக் கோபம். “காசு கட்டியிருந்தால் இப்படிப் பாதியில் விட்டிருப்பானா?” என்று என்னிடம்தான் கேட்டாள். பாடத்தைக் காட்டிக்கொடுத்தவன் நான்.

அந்தக் கேள்வியை நான் வெகுநாள் சுமந்துகொண்டிருந்தேன். காசு கட்டியிருந்தால் விட்டிருக்கமாட்டான் என்பது உண்மைதான். இலவசப் பாடத்தின் பெரிய ஆதாயமும் அங்கேதான் இருக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடம் படிப்பது அமெரிக்காவில் வேர்விட்ட பழக்கம். மின்னசோட்டா மாநிலம் 1985இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. உயர்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு வகுப்பு மாணவர்கள் கல்லூரிக்குப் போய்ப் படிக்கலாம், கல்விக் கட்டணத்தை மாநிலம் ஏற்கும். வாஷிங்டன் மாநிலத்தின் ‘ரன்னிங் ஸ்டார்ட்’ திட்டம் 1990இல் சட்டமானது. நியூயார்க்கின் நகரப் பல்கலைக்கழகம் ‘காலேஜ் நவ்’ என்ற பெயரில் நகரத்துப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாகவே பாடம் நடத்துகிறது. அதே நகரில் 2001இல் தொடங்கிய பார்டு முன்கல்லூரிப் பள்ளியில் பள்ளிச் சான்றிதழோடு ஈராண்டுக் கல்லூரிப் பட்டமும் சேர்ந்து கிடைக்கும்.

அங்கே ஆதாயத்தைப் பணமாகவே எண்ணிச் சொல்லிவிடலாம். அமெரிக்கக் கல்லூரிகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் ‘கிரெடிட்’ என்ற மதிப்பலகு உண்டு. கட்டணமும் பெரும்பாலும் அந்த அலகைக் கொண்டே கணக்கிடப்படும். பதினேழு வயதில் நான்கு பாடங்களை இலவசமாக முடித்துவிட்டால், பின்னால் அந்த நான்கு பாடங்களுக்குக் கடன் வாங்க வேண்டாம். இத்தகைய திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்த அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு, இவற்றில் படித்தவர்கள் கல்லூரியில் சேர்வதும் பட்டம் பெறுவதும் கூடியிருப்பதைக் குறிப்பிட்டது.

இந்தச் செய்தியை அப்படியே பெயர்த்து இங்கே நட்டால் துளிர்க்காது. முதலில் ‘கல்லூரி’ என்ற சொல்லே இடிக்கும். நம் ஊரில் பதினேழு வயதுப் பிள்ளை ‘கல்லூரி’க்குப் போகிறாள் என்றால் அது தொடக்கக் கல்லூரி, மேல்நிலைத் தேர்வுக்கான இரண்டாண்டுப் படிப்பு. பலதுறைத் தொழிற்கல்லூரி என்றால் மூன்றாண்டுப் பட்டயம். இரண்டுமே அமெரிக்கர் சொல்லும் காலேஜ் ஆகாது. அடுத்தது கட்டணம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் குடிமக்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பல்கலைக்கழகத்தில் மானியம் போக 8,000 வெள்ளிக்கு மேல். சிறிய தொகை என்று சொல்லமாட்டேன். ஆனால் பள்ளியிலேயே இரண்டு பாடம் படித்துவிட்டால் அதில் கால்வாசி குறையும் என்ற ஏற்பாடு இங்கே பொதுவாகக் கிடையாது. பட்டயம் முடித்துப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்குச் சில பாடங்களிலிருந்து விலக்குக் கிடைப்பதுண்டு. உயர்நிலை மாணவர் இணையத்தில் வாங்கிய சான்றிதழுக்கு அந்த மரியாதை இல்லை.

ஆகவே பணக்கணக்கை ஓரமாக வைத்துவிடுவோம். நம் ஊருக்கு வேறு கணக்கு இருக்கிறது.

உயர்நிலைப் பள்ளியின் முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வின் முடிவு ஜனவரியில் வரும் நாளை வீட்டில் பிள்ளை இருப்பவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பள்ளி மண்டபத்தில் தாளை வாங்கிய கையோடு, தொடக்கக் கல்லூரிக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் சேர்த்தே நடக்கும் கூட்டுச் சேர்க்கைக்கான விண்ணப்பம் திறந்துவிடும். விருப்ப வரிசைப்படி பன்னிரண்டு இடங்களை நிரப்பவேண்டும். ஒரு வாரத்துக்குள் கதவு மூடிவிடும். பதினாறு வயதுப் பிள்ளை, இதுவரை கண்ணால் பார்த்திராத துறைகளின் பெயர்களைக் கொண்டு பன்னிரண்டு கட்டங்களை நிரப்புகிறது. உயிர்மருத்துவ அறிவியல், இணையப் பாதுகாப்பு, விமானத்துறைப் பொறியியல், தளவாட நிர்வாகம். இந்தத் துறைகளுக்குள் அன்றாடம் என்ன நடக்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் வெட்டுப் புள்ளியைப் பார்க்கும். நண்பன் எங்கே போகிறான் என்று பார்க்கும். அப்பா முகத்தைப் பார்க்கும்.

தவறான கட்டத்தை நிரப்பினால் விலை மூன்றாண்டு. இடையில் துறை மாறலாம்தான். ஆனால் ஓராண்டு போகும், போன கட்டணம் போனதுதான். எல்லாவற்றையும்விட, “நான் தோற்றுவிட்டேன்” என்ற நினைப்பு ஒட்டிக்கொள்ளும். என் தலைமுறையில் இப்படித் தவறி விழுந்தவர்களை எனக்குத் தெரியும். படித்தது ஒன்று, பிழைப்பது வேறொன்று. இடையில் போன ஆண்டுகளைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

அக்கா மகன் உயர்நிலை ஒன்றிலிருந்தே கணினி விளையாட்டுகளை உருவாக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். மடிக்கணினியை மூடிய அன்று இரவு அவன் சொன்னது இது: “எனக்கு விளையாடத்தான் பிடித்திருக்கிறது மாமா. செய்யப் பிடிக்கவில்லை.” இதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஐந்து வாரம் ஆனது; ஒரு காசும் செலவாகவில்லை. பட்டயப் படிப்பின் மூன்றாம் பருவத்தில் கண்டுபிடித்திருந்தால்? சாதாரண நிலைத் தேர்வு எழுதி முடித்து, ஜனவரியில் அவன் நிரப்பிய பன்னிரண்டு கட்டங்களில் முதலிடம் விமானத்துறைப் பொறியியலுக்குப் போனது. அங்கேயும் கணினி உண்டு. ஆனால் கையால் தொட்டுப் பார்க்க ஒரு பொருள் இருக்கிறது என்று காரணம் சொன்னான்.

இந்த முன்னோட்டத்துக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைத்தான் தேடிப்போக வேண்டும் என்பதில்லை. நம் பலதுறைத் தொழிற்கல்லூரிகள் உயர்நிலை மாணவர்களுக்கென்றே ‘மேம்பட்ட விருப்பப் பாடங்கள்’ நடத்துகின்றன. ஆய்வுக்கூடமும் பட்டறையும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். பள்ளி வழியாகத்தான் சேர முடியும். பள்ளி ஏற்பாடு செய்யும் வளப்படுத்தும் வகுப்புகளுக்குக் கட்டணம் இருந்தாலும், மாணவர் பெயரில் இருக்கும் எடுசேவ் என்ற கல்விக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வழி உண்டு. உயர்நிலை மாணவருக்கு அரசு அதில் ஆண்டுதோறும் 290 வெள்ளி போடுகிறது. பல வீடுகளில் அந்தப் பணம் எதற்கு என்று தெரியாமலே கிடந்து, பின்னர் உயர்கல்விக் கணக்குக்கு மாறிவிடுகிறது. இந்தப் பாடங்களைப் படித்த அனுபவம், தேர்வுக்கு முன்பே ஆர்வத்தின் அடிப்படையில் நடக்கும் முன்கூட்டிய சேர்க்கையின் நேர்முகத்தில் பேச ஒரு பொருளைத் தரும். “எனக்கு இத்துறையில் ஆர்வம்” என்று சொல்வதற்கும் “நான் இதைச் செய்து பார்த்தேன், இந்த இடத்தில் தடுக்கி விழுந்தேன்” என்று சொல்வதற்கும் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறுபாடு தெரியாமல் போகாது.

தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு எச்3 நிலை இருக்கிறது. 2006இல் மேல்நிலைப் பாடத்திட்டம் மாறியபோது வந்தது. மேல்நிலைத் தேர்வின் முதன்மை நிலையான எச்2 பாடத்தில் வலுவாக இருப்பவர்கள் அதற்கு மேலே ஒரு படி ஏறிப் பார்க்கலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் குறைகடத்தி இயற்பியலையும் மூலக்கூறு உயிரியலையும், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் ஆட்டக் கோட்பாட்டையும் இந்த நிலையில் நடத்தியிருக்கின்றன. கிளமெண்டியில் 2005இல் தொடங்கிய தேசியப் பல்கலைக்கழகக் கணித, அறிவியல் உயர்நிலைப் பள்ளியின் கதை தனி. அங்கே பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே சுவர் மெலிந்தது. தேசிய சேவைக் காலத்தில், பல்கலைக்கழக இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சில பாடங்களை முன்னரே முடிக்கிற இளைஞர்களும் உண்டு.

ஆனால் இந்தக் கதவுகள் எல்லாமே ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களைப் பார்த்துத்தான் அகலத் திறக்கின்றன. எச்3 படிக்கப் பள்ளி ஒப்பவேண்டும். நல்ல மதிப்பெண் வேண்டும். நடுத்தர மதிப்பெண் வாங்கும், எதில் ஆர்வம் என்றே தெரியாத பிள்ளைக்குத்தான் முன்னோட்டம் அதிகம் தேவை. அந்தப் பிள்ளைக்கு எஞ்சுவது இணையம்.

இணையத்தில் ‘இலவசம்’ என்ற சொல்லுக்குப் பல அடுக்குகள் இருக்கின்றன. பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், எம்ஐடி, தன் பாடங்களை இணையத்தில் திறந்து வைக்கப்போவதாக 2001இல் அறிவித்தது. அதன் ‘ஓப்பன்கோர்ஸ்வேர்’ தளத்தில் பெயர்கூடப் பதிய வேண்டாம். விரிவுரை, பயிற்சித்தாள், பழைய தேர்வுத்தாள் எல்லாம் கிடைக்கும். கேட்க ஆள் இருக்காது, சான்றிதழும் இருக்காது. எச்2 உயர்கணிதம் படிக்கும் பிள்ளை அணிகள் புரியாமல் தவித்தால், கில்பர்ட் ஸ்டிராங் என்ற பேராசிரியரின் நேரியல் இயற்கணித விரிவுரைகளை அங்கே பார்க்கலாம். கரும்பலகை, சாக்குக்கட்டி, அவசரமே இல்லாத குரல். அவர் 2023இல் தம் 88ஆம் வயதில்தான் ஓய்வு பெற்றார்.

2012இல் வந்த எடெக்ஸ், கோர்செரா ஆகிய இணையப் பாடத் தளங்கள் வேறு வகை. இவற்றில் வாரக்கணக்கு, பயிற்சி, மன்றம் எல்லாம் உண்டு. தேசியப் பல்கலைக்கழகமும் 2013இல் கோர்செராவில் சேர்ந்து, மொசார்ட்டைப் போல் இசை எழுதிப் பார்ப்பது எப்படி என்றுகூட ஒரு பாடம் நடத்தியது. ஆரம்ப நாள்களில் எல்லாம் தாராளமாக இருந்தது. இப்போது பல பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம், ஆனால் குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு பூட்டிக்கொள்ளும், அல்லது பயிற்சிகளைத் திருத்தித் தரமாட்டார்கள், சான்றிதழுக்குப் பணம். ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து நடத்திய எடெக்ஸ் 2021இல் 80 கோடி அமெரிக்க டாலருக்கு ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த மாற்றம் புரியும். இந்திய ஐஐடிகளின் என்பிடெல் 2003இலிருந்து இருக்கிறது. விரிவுரைகள் இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். சிபிஎஸ்இ பாடத்திட்டப் பள்ளிகளில் படிக்கும் இங்குள்ள பிள்ளைகளுக்கு அதன் நடை பழக்கமாக இருக்கும். மற்றவர்களுக்குச் சற்று வறட்சியாகத் தோன்றலாம்.

என் அறிவுரை ஒன்றே. சான்றிதழ் பொத்தானைப் பார்த்துப் பாடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதல் வாரத்துப் பயிற்சியைத் திறந்து பாருங்கள். அது பிள்ளையை மூன்று நாள் மேசையில் உட்காரவைக்குமா என்று பாருங்கள்.

பாதியில் விடுவதைப் பற்றி எண்கள் என்ன சொல்கின்றன? எம்ஐடி 2012இல் நடத்திய முதல் திறந்த இணையப் பாடம் மின்சுற்றுகள் பற்றியது. பதிந்தவர்கள் 1,54,763 பேர். தேறியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. பின்வந்த ஆண்டுகளில் விகிதம் இன்னும் இறங்கியது. இதைக் காட்டி, இலவசப் படிப்பு தோற்றுவிட்டது என்று எழுதியவர்கள் பலர். நான் அப்படிப் பார்க்கவில்லை. புத்தகக் கடையில் ஒரு நூலை எடுத்து இருபது பக்கம் புரட்டிவிட்டு வைப்பவரை யாரும் ‘இடைவிலகியவர்’ என்று கணக்கெடுப்பதில்லை.

ஆனாலும் அந்த 7,157 பேருக்குள் ஒரு கதை இருக்கிறது. முழு மதிப்பெண் பெற்றவர்கள் ஏறத்தாழ 340 பேர். அவர்களில் ஒருவன் மங்கோலியாவின் உலான்பத்தரைச் சேர்ந்த பதினைந்து வயதுப் பையன் பத்துஷிக். செய்தி உலகம் முழுக்கப் போனது; பின்னர் அவன் எம்ஐடியிலேயே சேர்ந்தான். பெரும்பாலோர் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள்: இணையம் இருந்தால் போதும், மேதை எங்கிருந்தும் முளைப்பான். கதையின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. அவனுடைய பள்ளித் தலைமையாசிரியர் எம்ஐடியில் படித்துப் பட்டம் பெற்ற முதல் மங்கோலியர். அவர்தான் அந்தப் பாடத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மின்கருவிகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு மாணவர் வந்து, சுமார் இருபது பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு நடத்தினார். விரிவுரை இணையத்திலிருந்து வந்தது. பக்கத்தில் ஆள் இருந்தார்.

ஈசூன் மேசையிலும் அப்படித்தான் என்று நான் பெருமையடித்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்தது பத்துக் காசு அடுக்குவது மட்டும். ஆனால் அக்கா வீட்டுக்காரர் ஒருநாள் செய்தது எனக்கு மறக்கவில்லை. அவர் பேருந்துப் பணிமனையில் தொழில்நுட்பர். பல்கலைக்கழக வாசலை மிதித்தவர் இல்லை. பையன் சிஎஸ்50இன் முதல் விரிவுரையைத் தொலைக்காட்சித் திரையில் போட்டிருந்தான். பேராசிரியர் ஒரு கனத்த தொலைபேசிப் புத்தகத்தை எடுத்து நடுவில் திறக்கிறார். தேடும் பெயர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்து, வேண்டாத பாதியை டர்ரென்று கிழித்து வீசுகிறார். மிச்சத்தையும் அப்படியே. ஆயிரம் பக்கத்தில் ஒரு பெயரைப் பத்தே கிழிப்பில் பிடித்துவிடலாம் என்கிறார்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “நாங்களும் இப்படித்தான் செய்வோம். மின்கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் நடுவில் வைத்துச் சோதிப்போம். மின்சாரம் வந்தால் அந்தப் பாதி நல்லது. பிறகு மிச்சப் பாதியின் நடுவில்” என்றார். பையன் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். ஹார்வர்டில் சொல்லித்தரும் ஒன்றை அப்பா இருபது ஆண்டாகப் பணிமனையில் செய்துகொண்டிருக்கிறார். அவர் அன்று விரிவுரை முடியும்வரை எழுந்திருக்கவில்லை; கை காய்ந்துபோனது.

பல்கலைக்கழகப் படிப்பே இல்லாத வீட்டுக்கு இலவசப் பாடம் கொண்டுவரும் ஆதாயம் இந்த வகையானது. விரிவுரை என்றால் என்ன, பாடத்திட்ட அட்டவணை எப்படி இருக்கும், யாரும் விரட்டாமல் கெடுநாளைக் காப்பாற்றுவது எப்படி, புரியாததை எழுத்தில் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் படித்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். மற்ற பிள்ளைகள் முதன்முதலாக வளாகத்துக்குள் நுழையும் வாரத்தில் இத்தனையையும் ஒன்றாகக் கற்கவேண்டியிருக்கிறது. பாதிப் பேர் திணறுவது பாடத்தாலா, இந்தப் பழக்கமின்மையாலா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இதற்கான கருவிகள் கையில் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021க்குள் உயர்நிலை மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கணினி வந்துவிட்டது. கலப்புக் கற்றல் என்ற பெயரில் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு நாள் வீட்டிலிருந்து படிக்கிறார்கள். அதில் மாணவர் தாமே தேர்ந்தெடுத்துக் கற்பதற்கென்று நேரம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் நீக்கப்பட்டன. அப்படி மிஞ்சிய நேரம் எங்கே போனது? 2023 குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்கு ஆண்டுக்குச் செலவிட்டது 180 கோடி வெள்ளி. ஐந்தாண்டுக்கு முன் 140 கோடி. மிஞ்சிய நேரத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

எனக்குள்ள அச்சமும் அதுதான். இலவசக் கல்லூரிப் பாடம் என்ற செய்தி பரவினால், அடுத்த மாதமே அதற்கு ஒரு துணைப்பாட வகுப்பு தொடங்கிவிடும். ‘ஹார்வர்ட் சான்றிதழ், எட்டு வாரத்தில்’ என்று மின்தூக்கி வாசலில் துண்டறிக்கை தொங்கும். நேர்முகக் கோப்பில் வைக்க ஆறு சான்றிதழ், ஏழு சான்றிதழ் என்று போட்டி தொடங்கும். பாதியில் விடுகிற உரிமை முதலில் செத்துப்போகும். அந்த நிலைக்குப் போவதாக இருந்தால், பிள்ளை அந்த நேரத்தில் தூங்கட்டும் என்பதே என் கட்சி.

மாறாக, பக்கத்தில் உட்கார ஒருவர் என்பதைத்தான் நாம் ஏற்பாடு செய்யவேண்டும். பீட்டி சாலையில் இரண்டு கட்டடங்கள் எதிரும் புதிருமாக நம் சமூகத்துக்கென்று நிற்கின்றன. ஒன்று 1991இல் தொடங்கிய சிண்டா, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். மற்றொன்று உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம். சிண்டா பாடத்துணை வகுப்புகளைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. பொறியியல் படித்த, தாதிமைப் பணியில் இருக்கும், கணக்காய்வு செய்யும் தமிழர்கள் வாரத்தில் ஒரு மாலை ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். பாடம் நடத்த வேண்டாம், அதை இணையம் நடத்துகிறது. “எங்கே தடுக்கியது?” என்று கேட்டால் போதும். வட்டார நூலகங்களிலும் இது நடக்கலாம். நம் ஊரில் குடிமக்களுக்கு 25 வயதிலிருந்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 500 வெள்ளி கிடைக்கிறது, திறனை மாற்றிக்கொள்ள. பதினாறு வயதில் திசை பார்க்க அந்தப் பணம்கூடத் தேவையில்லை. ஒரு மணி நேரம் உட்கார ஆள் தேவை.

தமிழுக்கும் இதில் இடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது. தமிழ்நாட்டு அரசு 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பட்டப்படிப்புப் பாடங்கள் முழுவதும் படிக்கக் கிடைக்கின்றன. இலக்கணம், சங்க இலக்கியம், காப்பியம், பண்பாடு. சேர்ந்து சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம், படிப்பதற்கு இல்லை. தொடக்கக் கல்லூரியில் எச்2 தமிழ் படிக்கும் நண்பரின் மகள், உட்லண்ட்சிலிருந்து ரயிலில் போகும்போது கைப்பேசியில் அகத்திணைப் பாடத்தைப் படித்துக்கொண்டு போவாள். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று அட்டவணை போட்டுக் கற்றது தேர்வுக்கு உதவியிருக்கும். ஆனால் ஒருநாள் அவள் என்னிடம் கேட்ட கேள்வி எந்தத் தேர்வுத்தாளிலும் வராது. “சித்தப்பா, சிங்கப்பூர் எந்தத் திணை? சுற்றிலும் கடல், அதனால் நெய்தலா? நாங்கள் இருப்பது பதினான்காவது மாடி. அங்கே கருப்பொருள் என்று எதைச் சொல்வது?”

மைனாவைச் சொல்லலாம் என்றேன். அவள் அரைமனதாகத் தலையாட்டினாள். கேள்வி இன்னும் கிடக்கிறது.

அக்காவுக்கு இளையவள் ஒருத்தி இருக்கிறாள், உயர்நிலை இரண்டு. போன ஜூன் விடுமுறையில் அவளாகவே வந்து, மனித மூளையைப் பற்றிப் படிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு பாடத்தைத் திறந்து கொடுத்தேன். முதல் நாள் இரண்டு மணி நேரம் பார்த்தாள். இரண்டாம் நாள் இருபது நிமிடம். மூன்றாம் நாள் மடிக்கணினி மேசையில் மூடியே கிடந்தது. அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அதை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள்.

“சரி, அடுத்தது என்ன பார்க்கப்போகிறாய்?” என்று மகளிடம் கேட்டுவிட்டு, வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.